சைரனுக்கு ஓய்வுநாள்

போதகர் செமிசி கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து, ராஜ குடும்பம், கடலுக்குப் போனவர்கள், நோயில் கிடப்பவர்கள், நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போன பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கடவுளிடம் சிபாரிசு செய்துகொண்டே வந்து, செத்துப்போனவர்கள் பக்கம் திரும்பிய நேரத்தில் அது ஊளையிட்டது. சின்னதாக மூன்று ஊளை, வாலில் மிதிபட்ட நாய் போல. லோட்டோமோட்டுத் தீவின் சர்ச்சில் இருந்த அத்தனை பேரும், கண்ணை மூடியபடியே, கெலேபி உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.

கெலேபி அந்த ஊரின் ஆபீசர். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைக்கும் பதவி. சம்பளம் கொஞ்சம், ஏச்சு தாராளம். அதற்கு முன்னால் பாயும் காய்ந்த ஆக்டோபஸும் வாங்கித் தலைநகர்ச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தவன். வாங்குகிறவன் முகத்தைப் பார்த்தே அவன் எங்கே இறங்குவான் என்று சொல்லிவிடுவான். பதவிக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வேலித் தகராறு, பன்றி மேய்ந்த தகராறு, கல்யாணத்தில் யார் முன்வரிசை என்ற தகராறு எல்லாவற்றையும் பேரம் பேசியே முடித்தான். யாருக்கும் கேட்டது முழுசாகக் கிடைக்காது. யாரும் வெறுங்கையோடும் போகமாட்டார்கள். ஊருக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காமல் போனது அந்த சைரன் விஷயத்தில்தான். கடல் பொங்கினால் ஊரை எழுப்ப, தலைநகர்க்காரர்கள் கொண்டுவந்து நட்ட கம்பம். அதன் மூளை கெலேபியின் ஆபீஸ் அறையில் இருந்த கம்ப்யூட்டர். தலைநகரிலிருந்து ஆபத்துச் சேதி வந்தால், கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு புரோகிராம் அதைப் பிடித்துக் கம்பத்தை அலறவைக்கும். நீளமான, நிற்காத அலறல். அது வேறு. இந்த மூன்று சின்ன ஊளை, அந்தப் புரோகிராம் தூங்கி எழும்போதெல்லாம் தொண்டையைச் சரிபார்த்துக்கொள்வது.

வாரநாளிலும் பல ராத்திரி மன்றத்து விளக்குகள் பேட்டரியைத் தீர்த்துக் கம்ப்யூட்டரைத் தூங்கவைக்கும், ஆனால் காலை ஊளையை யாரும் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு. ஆபீசுக்கும் பக்கத்து மன்றத்துக்கும் ஒரே சூரியத்தகடு, ஒரே பேட்டரி. சனிக்கிழமை சாயங்காலம் ஆண்கள் மன்றத்தில் காவா என்ற மயக்கும் வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால் விளக்கு, மின்விசிறி, கிதாருக்கு ஒலிபெருக்கி, ஆளுக்கொரு போன் சார்ஜ் என்று பேட்டரியை உறிஞ்சித் துப்பிவிடுவார்கள். கம்ப்யூட்டர் மயங்கி விழும். மறுநாள் வெயில் ஈரப்பலா மரத்தைத் தாண்டித் தகட்டைத் தொடும்போது தானாக எழும், எழுந்ததும் புரோகிராமும் தானாக எழும், எழுந்ததும் ஊளை. வெயில் மரத்தைத் தாண்டும் நேரமும் போதகர் கண்ணை மூடும் நேரமும் ஒன்றாக இருந்தது. மரத்தை வெட்டலாமென்றால் மரம், தீவு நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பிரபுவுடையது. பிரபு ஆக்லாந்தில் இருக்கிறார். அவர் கடிதத்துக்குப் பதில் போட்டு யாரும் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் போதகர் கெலேபியை ஓரமாக நிறுத்தினார்.

"இது எத்தனாவது வாரம் கெலேபி?"

"எண்ணலீங்க ஐயா."

"நான் எண்ணறேன். செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணும்போது பின்வரிசைல சிரிக்கிறாங்க. உங்க பொட்டி வேணும்னே அந்த இடத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு."

"பொட்டிக்கு என்னங்க தெரியும். வெயில் அடிச்சா எழுந்திருக்குது."

"ஓய்வுநாள்ல வெயிலும்தான் அடிக்குது, ஆனா சத்தம் போடல. இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை ஒருத்தன் விறகு பிளக்கறதில்ல, வலை காயப்போடறதில்ல. இது மட்டும் வேலைக்கு வருது."

"காவாவ நிறுத்தச் சொல்லிப் பாக்கட்டுமா?"

போதகர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சனிக்கிழமை காவாவில் அவருக்கும் ஓர் இடம் உண்டு. "நடக்கிற காரியமா பேசு" என்றார்.

வீட்டில் மண்ணடுப்பைத் திறந்து, சேம்பு இலையில் பொதிந்த இறைச்சியை எடுத்து வைத்துக்கொண்டிருந்த லோசலினேவுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. கெலேபியின் பெண்டாட்டி. ஊரில் அவள் நாக்குக்குப் பயப்படாதவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் செவிடு.

"என்ன ஆபீசரே, போதகருக்கும் பொட்டிக்கும் நடுவில மாட்டிக்கிட்டீங்களா?"

"சும்மா சோத்தப் போடு."

"நான் ஒரு யோசனை சொல்லவா? பொட்டிக்கு ஞானஸ்நானம் குடுத்துருங்க. சபை உறுப்பினர் ஆயிட்டா சத்தம் போடாது, தூங்கிரும்."

கெலேபி சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். பிறகு கிழங்கை உடைத்து அவன் தட்டில் வைத்தபடி, "ஆனா அதைத் தொடாதீங்க, ஆமா" என்றாள். "நாங்க பாறைத்திட்டுல சிப்பி பொறுக்கும்போது அந்தக் கம்பத்த நம்பித்தான் நிக்கிறோம். முந்தியெல்லாம் தரை ஆடினா ஓடிவந்துருவோம். இப்ப கம்பத்தத் திரும்பிப் பாக்கறோம். அது சும்மா இருந்தா நாங்களும் சும்மா இருக்கோம்."

திங்கட்கிழமை கெலேபி தலைநகருக்குப் போன் போட்டான். எச்சரிக்கை ஆபீசில் அந்தக் கம்பங்களைப் பார்த்துக்கொள்ளும் ஹெனெலி என்பவன் எடுத்தான். ஊளையைக் குறைக்க முடியுமா? முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊளையில்லாமல் எழச் செய்யலாமா? முடியாது. சனிக்கிழமை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால்? வெயில் பட்டதும் தானாகவே எழும், அப்படித்தான் அமைத்திருக்கிறோம். ஒயரைப் பிடுங்கினால்? ஒயர் இரும்பு அலமாரிக்குள், சாவி எங்களிடம்.

"அண்ணே, ஒண்ணையும் தொடாதீங்க" என்றான் ஹெனெலி. "ஊளை விட்டா உசுரோட இருக்குன்னு அர்த்தம். அத வச்சுத்தான் நீங்களே தெரிஞ்சுக்க முடியும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் கெலேபி பேரத்தில் வளர்ந்தவன். ஒருவன் முடியாது என்று மூன்று தடவை சொன்னால் நாலாவது கதவு எங்கே என்று தேடுவான். தேடினான். ஆக்லாந்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்த காலத்தில், மெதுவாக எழும் கம்ப்யூட்டரை வேகமாக எழுப்பும் வித்தையை அங்கே ஒருவன் காட்டியிருந்தான். கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுந்துகொள்ளும் புரோகிராம்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. வேண்டாததன் டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த தடவை அது எழாது. போய்விடவும் செய்யாது, கூப்பிட்டால் வரும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று போன வருஷமே அந்தப் பட்டியலில் கைவைத்து, பிரிண்டர்க்காரன், பாட்டுக்காரன், யாரோ விட்டுப்போன சீட்டாட்டம் எல்லாவற்றையும் உட்காரவைத்திருந்தான். எழுந்துகொண்டிருந்தது இரண்டே பேர்: வைரஸ் காவல்காரனும் சைரனும்.

புதன்கிழமை அவன் போதகர் வீட்டுக்குப் போனான்.

"ஐயா, ஒரு வழி இருக்கு. கம்ப்யூட்டர்ல எதெது தானா எழணும்னு ஒரு பட்டியல் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் சைரனோட டிக்க எடுத்துடறேன். ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர் எழும், சைரன் எழாது. திங்கட்கிழமை காலைல திருப்பிப் போட்டுடறேன்."

"ஞாயித்துக்கிழமைய மட்டும் தள்ளிவைக்க அதுல வழி இல்லையா?"

"அந்தப் பட்டியலுக்குக் கிழமை தெரியாதுங்க. உண்டு, இல்ல, ரெண்டே வார்த்தைதான்."

"ஞாயித்துக்கிழமை கடல் பொங்கினா?"

"ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் கடல்பக்கம் போறதில்ல. எல்லாரும் சர்ச்சுல. சர்ச்சு மேட்டுல. அப்படியே ஏதாவதுன்னா உங்க மணி இருக்கு."

போதகர் தாடையைத் தடவினார். கெட்ட மனுஷன் அல்ல. பின்வரிசையின் சிரிப்பு அவரை உள்ளே அரித்திருந்தது, அவ்வளவுதான். "தலைநகர்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்க தொடாதேன்னு சொல்லுவாங்க. அது அவங்க தொழில். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

"உன் வீட்டுக்காரிகிட்ட?"

"அவகிட்ட சொன்னா ஊர்கிட்ட சொன்ன மாதிரி."

பேரம் படிந்தது. அந்த ஞாயிறு போதகர் செத்தவர்களை நிம்மதியாக நினைவுகூர்ந்தார். பின்வரிசை தூங்கியது. மத்தியானம் போதகர் வீட்டிலிருந்து ஒரு பன்றிக்கால், மொறுமொறுவென்று, கெலேபி வீட்டுக்கு வந்தது.

"இன்னிக்கு ஊளையக் காணோமே" என்றாள் லோசலினே, பன்றிக்காலையும் அவனையும் மாறிமாறிப் பார்த்து.

"தலைநகர்லேர்ந்தே சரிபண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் சத்தமில்லாம எழுந்துக்கும்."

"அப்பாடி. உங்களத் தொடச்சொல்லாம அவங்களே செஞ்சாங்களே, நல்லதுதான்."

அவளிடம் அவன் சொன்ன பொய்கள் நிறைய; பெரும்பாலும் ஆக்டோபஸ் விலை பற்றியவை. அவற்றில் எதையும் அவள் நம்பியதில்லை. இதை நம்பினாள்.

முதல் இரண்டு வாரம் சொன்னபடி செய்தான். சனிக்கிழமை எடுத்தான், திங்கட்கிழமை போட்டான். ஆனால் திங்கட்கிழமை டிக்கைப் போட்டபின் கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி தொடங்கி, அந்தக் கிழப்பொட்டி முனகி முனகி எழுந்து ஊளையிடும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாகத் திரையில் இருந்த சைரன் படத்தை இரண்டு தட்டு தட்டினால் அந்த நிமிஷமே எழுந்து ஊளையிட்டது. மூன்றாவது வாரம் டிக்கை அப்படியே விட்டுவிட்டான். அன்றிலிருந்து வாரநாள்களில் காலையில் ஆபீஸைத் திறந்ததும் முதல் வேலை இரண்டு தட்டு. மூன்று ஊளை. ஊர் அதைக் கேட்டு ஆபீஸ் திறந்துவிட்டதென்று தெரிந்துகொண்டது. போதகருக்குக்கூட இந்த மாற்றம் தெரியாது. கெலேபியும் அதை ஒரு மாற்றமாக நினைக்கவில்லை. விலை படிந்த பிறகு எடைக்கல்லில் ஒரு சுண்டு விரலை வைப்பது மாதிரி.

பக்கத்துப் பெரிய தீவில் அவன் தாய்மாமன் இறந்துபோனார். செய்தி வந்ததும் இடுப்பில் பெரிய கிழிந்த துக்கப்பாயைச் சுற்றிக்கொண்டு, விடியும் முன்னே படகேறினான். மாமன் வீட்டுச் சாவுக்கு மருமகன் அடுப்படியில் நின்றாக வேண்டும். பன்றி வாட்ட வேண்டும், கிழங்கு சுமக்க வேண்டும். லோசலினே மறுநாள் பாய்க்கட்டோடு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

படகு பாறைவாயைத் தாண்டும்போது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. வெயில் ஏறினால் கம்ப்யூட்டர் எழும், சைரன் எழாது. திரும்பச் சொல்லலாம். படகில் பதினைந்து பேர், மூன்று பன்றி, சாவுக்குப் போகிற அவசரம். கெலேபி தனக்குத்தானே பேரம் பேசினான். ரெண்டு நாள்தானே. கம்பம் நட்டு எத்தனை காலமாச்சு, ஒரு தடவையாவது அலறியிருக்கிறதா? இல்லை. அப்போ இந்த ரெண்டு நாளில் மட்டும் வந்து நிற்குமா என்ன? எதிராளி வாய் திறக்காத பேரம் எப்போதும் சீக்கிரம் படிந்துவிடும். பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள், அடக்கத்துக்கு முன்னால், அவன் வாட்டிய பன்றியை இறக்கிக்கொண்டிருந்தபோது தரை ஒரு தடவை தோளைக் குலுக்கியது. பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டுகள் பேசிக்கொண்டன, நாய்கள் எழுந்து நின்றன. கொஞ்ச நேரத்தில் யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். வடக்குச் சின்னத் தீவுகளுக்குச் சுனாமி எச்சரிக்கை. பெயர்களை வாசித்தார்கள். லோட்டோமோட்டு மூன்றாவது.

கெலேபி பன்றியைக் கீழே போட்டான். லோசலினேவுக்குப் போன் போட்டான், அடித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்குக் கடல் நன்றாக வற்றும் நாள் என்பது அப்போதுதான் உறைத்தது. சாவுவீட்டுக்குச் சிப்பி பொறுக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். பாறைத்திட்டுக்கு யாரும் போன் கொண்டுபோக மாட்டார்கள். டிக்கைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளுக்குப் போட்டான்.

"ஐயா, எங்க இருக்கீங்க?"

"வீட்டுல. தரை ஆடிச்சு, பாத்தியா? ஊர்ல எல்லாரும் கம்பத்தப் பாத்தோம். ஒண்ணும் இல்ல."

"சைரன் தூங்குது ஐயா. நான் எழுப்பல. ஆபீசுக்கு ஓடுங்க. சாவி வாசப்படி கல்லுக்கடில."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே கெலேபி."

"தெரியும் ஐயா. ஓடுங்க."

போதகர் கனத்த ஆள். அவர் ஓடுவதும் மூச்சு வாங்குவதும் போனில் கேட்டது. சாவியைத் துழாவுவது கேட்டது. கதவு கேட்டது.

"ரகசியச் சொல் கேக்குது."

கெலேபி எழுத்து எழுத்தாகச் சொன்னான். தப்பு என்றது. மறுபடி சொன்னான். முதல் எழுத்தைப் பெரியதாக அடிக்க வேண்டும் என்று மறந்துவிட்டிருந்தான். போதகர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடித்தார். வாழ்நாளெல்லாம் பைபிளில் வசனம் தேடிய விரல். விசைப்பலகையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"திறந்துருச்சு."

"சிவப்பா ஒரு படம் இருக்கா? அத ரெண்டு தட்டு தட்டுங்க. வேகமா."

"தட்டினேன். ஒண்ணும் ஆகல."

"இன்னும் வேகமா ஐயா."

மூன்று ஊளை போன் வழியே கேட்டது. கெலேபி மண்ணில் உட்கார்ந்தான். நீண்ட அலறலுக்குக் காத்திருந்தான். போதகரின் மூச்சு மட்டும் கேட்டது.

"ஐயா?"

"பச்சை லைட் எரியுது கெலேபி. எல்லாம் சரின்னு போட்டிருக்கு."

அப்போது அவனுக்குப் புரிந்தது. தலைநகர் சேதியை ஏற்கெனவே அனுப்பிவிட்டது. அது வந்து கதவைத் தட்டியபோது இந்த வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை. இப்போது விழித்தவன் புதிதாக யாராவது தட்டுவார்களா என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பழைய சேதியை யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை.

"மணி" என்றான். "ஐயா, சர்ச்சு மணி. அத அடிச்சிருக்கணும். முதல்லயே அத அடிக்கச் சொல்லியிருக்கணும். ஓடுங்க."

போன் மேசைமேல் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நெடுநேரம் பூட்டாத கதவு காற்றில் அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. பிறகு தூரத்தில் மணி. பிறகு இணைப்பு போய்விட்டது.

மணி கேட்டு ஊரில் இருந்தவர்கள் மேட்டுக்கு ஏறினார்கள். ஒரு குழந்தைக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. கீழ்வரிசை வீடுகளும் மன்றத்தின் கடல்பக்கச் சுவரும் போயின. மேட்டுச் சரிவில் இருந்த ஆபீஸ் அறையின் வாசல்வரை தண்ணீர் வந்து நின்றது. பாறைத்திட்டில் நான்கு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மட்டும், லுப்பே என்பவள், கரைப்பக்கம் வந்துகொண்டிருந்ததால் ஒரு தென்னையைப் பிடித்துப் பிழைத்தாள். லோசலினேவையும் மற்ற இருவரையும் மறுநாள் கண்டெடுத்தார்கள். தூக்கிவந்தவர்களில் போதகரும் ஒருவர்.

கெலேபி ஒரு சாவின் துக்கப்பாயைக் கழற்றாமலே அடுத்த சாவுக்கு வந்துசேர்ந்தான்.

லுப்பே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானாகவே சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அவளுக்கு இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

"தரை ஆடினப்ப நாங்க நிமிந்து பாத்தோம் அண்ணே. கம்பம் சும்மா இருந்துச்சு. சரி, ஒண்ணுமில்லன்னு குனிஞ்சோம். கொஞ்சம் கழிச்சு ஊளை கேட்டுச்சு. நான் பயந்துட்டேன். அண்ணிதான் சிரிச்சாங்க. 'ஆபீசர் ஊர்ல இல்லேல்ல, பொட்டியும் வெயில் ஏறுற வரைக்கும் தூங்கிட்டு இப்பதான் எழுந்து சோம்பல் முறிக்குது'ன்னாங்க. நாங்களும் சிரிச்சோம். நான் கூடை நிறைஞ்சுருச்சுன்னு கிளம்பினேன்."

கெலேபி தலையை ஆட்டினான்.

அடக்கம் முடிந்த வாரத்தில், கம்பத்தைச் சோதிக்கத் தலைநகரிலிருந்து ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. அன்று மத்தியானமே போதகர் ஆபீஸ் அறைக்கு வந்தார். ஒரே வாரத்தில் சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, உட்காராமல் நின்றார்.

"கெலேபி, அந்த டிக்கத் திருப்பிப் போட்டுட்டியா?"

"இல்ல."

"போட்டுரு."

"போட்டா?"

"போட்டா முடிஞ்சுது. வர்றவர் பாப்பாரு, மெஷின் நல்லா இருக்கும். ஊளை கேட்டுச்சுன்னு ஊர்ல ஒவ்வொருத்தரும் சொல்றாங்க. அது உண்மையும்கூட. சேதி வர்றதுல ஏதோ தாமதம்னு எழுதிக்கிட்டுப் போயிருவாரு."

"கேட்டும் ஏன் வரலன்னு கேப்பாரு."

போதகர் ஜன்னலைப் பார்த்தார். "ஜனங்க கவனிக்கலன்னு எழுதுவாரு. செத்தவங்கள யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல கெலேபி. உன்னப் போடுவாங்க. எனக்குச் சபை போயிரும். அதுல யாருக்கு என்ன லாபம்?"

"லோசலினே கவனிக்கலன்னு எழுதுவாரு."

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் ஐயா ஆகும். கம்பத்த நம்பித்தான் நிக்கிறோம்னு சொன்னா அவ."

போதகர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "நான் தூங்கி எத்தன நாள் ஆச்சுன்னு தெரியுமா உனக்கு? மணிக்கயிறு என் வீட்டு வாசல்லேர்ந்து கைக்கெட்டுற தூரம். அத விட்டுட்டு நீ சொன்னேன்னு ஓடினேன். ஏன் ஓடினேன்? யாருக்கும் தெரியாம சரிபண்ணிரலாம்னுதான். நீயும் அதுக்குத்தான் ஓடச் சொன்ன." "போட்டுரு" என்று மறுபடி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கெலேபி பட்டியலைத் திறந்தான். பிரிண்டர்க்காரன், பாட்டுக்காரன், சீட்டாட்டம், சைரன். எல்லாம் ஒரே வரிசையில், ஒரே மாதிரி, உட்காரவைக்கப்பட்டிருந்தன. சைரனுக்கும் சீட்டாட்டத்துக்கும் பட்டியலில் ஒரு வித்தியாசமும் இல்லை. திரையின் அம்புக்குறியை சைரன் வரிமேல் கொண்டுபோய் நிறுத்தினான். ஒரு தட்டு போதும். மலிவு. இதைவிட மலிவாக எதுவும் அவனுக்கு யாரும் கொடுக்க வந்ததில்லை. வேலை மிஞ்சும், ஜெயில் இல்லை, போதகர் மிஞ்சுவார், ஊரில் எல்லோரும் தொடர்ந்து வணக்கம் சொல்வார்கள். பிறகு பட்டியலை மூடினான். அவன் ஆயுசில் விலை படிந்தும் வாங்காமல் விட்ட ஒரே சரக்கு அதுதான்.

ஹெனெலி போனில் கேட்ட குரலைவிடச் சின்னப் பையனாக இருந்தான். முதலில் மூன்று குடும்பத்துக்கும் வழக்கப்படி பாய் வைத்து அனுதாபம் சொன்னான். பிறகு கம்பத்தின் ஒயர்களைப் பார்த்தான், அலமாரியைத் திறந்து பார்த்தான், பேட்டரியைப் பார்த்தான். ஆபீஸ் வாசலில் ஊர் கூடியிருந்தது. லுப்பே முன்னால் நின்றாள், போதகர் பின்னால். திரையில் பச்சை எரிந்தது; அலைக்குப் பிறகு மன்றத்தில் விளக்கே எரியாததால் பேட்டரி தீரவில்லை, போதகர் தட்டி எழுப்பிய புரோகிராம் அன்றிலிருந்து தூங்கவும் இல்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றான் ஹெனெலி. குரலில் நிம்மதி. "அன்னிக்கு ஊளை கேட்டுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. புரோகிராமும் ஓடுது. கடைசியா ஒரு தடவ அணைச்சுத் தொடங்கிப் பாத்துடறேன். விதி அப்படி."

போதகர் கெலேபியைப் பார்த்தார். கெலேபி திரும்பவில்லை.

கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி முனகியது. வாசலில் பேச்சு நின்றது. எல்லோரும் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார்கள். திரை முழுசாக வந்துவிட்டது. கடிகாரம் மூலையில் வந்து உட்கார்ந்தது. கம்பம் சும்மா இருந்தது.

ஹெனெலி காத்திருந்தான். "மெதுவா எழுந்திருக்குதோ என்னமோ" என்றான். இன்னும் காத்திருந்தான். பிறகு அவனே பட்டியலைத் திறந்தான். அவன் முதுகு நிமிர்வதைக் கெலேபி பார்த்தான்.

"இந்த டிக்க யாரு எடுத்தது?"

"நான்."

"எப்ப?"

"ரொம்ப நாளாச்சு. காலைல நானா தட்டி எழுப்புவேன். அன்னிக்கு நான் இல்ல."

"ஏன் அண்ணே எடுத்தீங்க? தொடாதீங்கன்னு சொன்னேனே."

கெலேபி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து போதகரின் குரல் வந்தது. ஆராதனையில் கூரையைத் தொடும் குரல் அது. இன்று முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான் கேட்டதுக்காக. ஞாயித்துக்கிழமை சத்தம் போடக்கூடாதுன்னு."

யாரும் திட்டவில்லை. யாரும் கை ஓங்கவில்லை. அதற்குத்தான் இரண்டு பேரும் தயாராக வந்திருந்தார்கள். லுப்பே மட்டும், கணக்கு புரியாத ஆள் மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நாங்க கேட்ட ஊளை?"

"ஐயா தட்டினது" என்றான் கெலேபி. "நான் போன்ல சொல்லித் தட்டினது."

"அண்ணி சிரிச்சாங்க" என்றாள் லுப்பே. இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து அங்கிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஊரும் பின்னாலேயே கலைந்தது. ஒவ்வொருவராக, கெலேபியைப் பார்க்காமல், போதகரையும் பார்க்காமல்.

ஹெனெலி தாளில் என்னவோ எழுதினான். எழுதி முடித்ததும் நாற்காலியை நகர்த்திக்கொடுத்தான். "நீங்களே போடுங்க அண்ணே. நான் பாக்கணும்."

கெலேபி டிக்கைப் போட்டான். ஹெனெலி கம்ப்யூட்டரை அணைத்துத் தொடங்கினான். அது எழுந்தது. கம்பத்தில் மூன்று ஊளை, ஒன்றன்பின் ஒன்றாக, பழையபடி.

வெளியே ஒரு கூச்சல். கெலேபி வாசலுக்கு வந்தான். ஊர் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பை விட்டு, பன்றியை விட்டு, செருப்பை விட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து எல்லோரும் ஓடினார்கள். மூன்று ஊளையா, நீண்ட அலறலா என்று நின்று கேட்க இனி அந்த ஊரில் யாரும் இல்லை. ஹெனெலி கையை ஆட்டி, "சோதனைதான், சோதனைதான்" என்று கத்தினான். யாரும் திரும்பவில்லை. போதகர் ஓடவில்லை, வாசல் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்.

கெலேபி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். பச்சை எரிந்துகொண்டிருந்தது. ஊர் மேட்டிலிருந்து இறங்கி வர வெகுநேரம் ஆனது. இறங்கியவர்கள் அந்த அறையைத் தொடாமல், சர்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.